பேரிடருக்குப் பிறகு குழந்தைகளின் மனநலம்: அறிவிப்பு எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முகாமில் ஒலிபெருக்கியில் பேசுபவர், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும் ஆசிரியர், வானொலிக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் அலுவலர், துண்டுப்பிரசுரம் அடிக்கும் தன்னார்வலர் என்று பலரிடமிருந்தும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ என எதுவானாலும் பெரும்பாலும் பொருந்தும். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுகின்றன.

1. வீடே போய்விட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்த நேரத்தில் மனநலம் என்று பேசினால் ஜனங்களுக்குக் கோபம் வராதா?

வரும். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. தண்ணீர் எங்கே கிடைக்கும், இன்றிரவு எங்கே படுப்பது, காணாமல் போனவரைப் பற்றி யாரிடம் கேட்பது என்று எதுவுமே தெரியாமல் நிற்கும் தாய்க்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துப் பயன் இல்லை. இந்த மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் கிடைத்தால் அவருடைய பதற்றம் கொஞ்சம் இறங்கும். அவர் நிதானமானால் மடியில் இருக்கும் குழந்தையும் அடங்கும்.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இயங்கும் நிலைக்குழு ஒன்று, ஐ.ஏ.எஸ்.சி. என்று பெயர், 2007இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அது உதவிகளை ஒரு பிரமிடாக வரைகிறது. அடித்தளத்தில் அடிப்படைத் தேவைகளும் பாதுகாப்பும். அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு, அப்புறம் பயிற்சி பெற்றவர்களின் உதவி. மனநல மருத்துவம் உச்சியில் சிறிய பகுதிதான். நிலவரம், நிவாரணம், உரிமைகள் பற்றிய தகவலைக் கொண்டு சேர்ப்பது அந்த வழிகாட்டுதலிலேயே தனி நடவடிக்கையாக இருக்கிறது. ஆகவே தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சரியாகச் சொல்லும்போதே நீங்கள் மனநல வேலையைத் தொடங்கிவிட்டீர்கள்.

2. சரி, எழுத உட்கார்ந்தால் எதிலிருந்து தொடங்குவது?

ஸ்டீவன் ஹாப்ஃபால் தலைமையில் ஒரு நிபுணர் குழு 2007இல் ஐந்து அடிப்படைகளைத் தொகுத்தது: பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு, மன அமைதி, நம்மாலும் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கை, மற்றவர்களோடு தொடர்பு, எதிர்காலத்தின் மேல் பிடிப்பு. எழுதி முடித்த அறிவிப்பை இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாமே இருக்க வேண்டியதில்லை. ஒன்றுகூட இல்லை என்றால் அந்த அறிவிப்பு வெறும் சத்தம்.

ஒரு மாதிரி: "இன்று மாலை 5 மணிக்குப் பள்ளி வாசலுக்குத் தண்ணீர் லாரி வரும். கைக்குழந்தை உள்ளவர்களுக்குத் தனி வரிசை உண்டு. உங்கள் பிள்ளைக்கும் ஒரு சின்னப் பாத்திரம் கொடுத்து உடன் அழைத்து வாருங்கள். அடுத்த அறிவிப்பு இரவு 8 மணிக்கு." இதில் பெரிய ஆறுதல் மொழி எதுவும் இல்லை. ஆனால் நேரமும் இடமும் இருக்கின்றன, பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அடுத்து எப்போது கேட்கலாம் என்பதும் இருக்கிறது. அந்த எட்டு மணி வாக்குறுதிதான் இதில் முக்கியமானது. புதிய செய்தி எதுவும் வராவிட்டாலும் எட்டு மணிக்குப் பேசியே ஆக வேண்டும். "காணாமல் போனவர்கள் பட்டியலில் இப்போது மாற்றம் இல்லை, காலை 7 மணிக்கு மறுபடி சொல்கிறோம்" என்பதும் ஒரு செய்திதான்.

பதற்றத்தில் இருப்பவர் மனத்தில் நீளமான பேச்சு தங்காது. ஓர் அறிவிப்புக்கு ஒரே விஷயம். அதையே அதே சொற்களில் பலமுறை சொல்லுங்கள். சொல்லை மாற்றினால் தகவலே மாறிவிட்டதோ என்று குழம்புவார்கள். படிக்க முடியாதவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள்.

3. "பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதில் என்ன தப்பு?

பயந்துபோய் இருப்பவரிடம் பயப்படாதே என்றால், தன் பயமே தப்பு என்று அவர் எடுத்துக்கொள்வார். எல்லாம் சரியாகிவிடும் என்பதோ நம் கையில் இல்லாத வாக்குறுதி. பிள்ளையை இழந்தவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். "உங்களுக்குக் குழந்தைகள் இன்னும் இருக்கிறார்களே", "கடவுள் சித்தம்", "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" ஆகியவையும் அதே வகைதான். அறிவிப்பிலும் வேண்டாம், நேரிலும் வேண்டாம்.

"இப்படி நடந்த பிறகு பயமும் தூக்கமின்மையும் வருவது இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு நாள் ஆக ஆகக் குறையும். குறையாதவர்களுக்கு உதவி இருக்கிறது, அது இந்த இடத்தில் கிடைக்கும்" என்று சொல்லலாம். மூன்று வாக்கியமும் உண்மை, மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். முதல் இரண்டை மட்டும் சொன்னால் உண்மையிலேயே தவிப்பவர் தன்னை மறைத்துக்கொள்வார். மூன்றாவதை மட்டும் சொன்னால் எல்லோரும் தங்களை நோயாளி என்று நினைப்பார்கள்.

4. பிள்ளை முன்பு போல இல்லை என்கிறார்கள் பெற்றோர். எது இயல்பு என்று எழுதுவது?

வயதைப் பிரித்து எழுதுங்கள். "குழந்தைகள் மாறுபடலாம்" என்று பொதுவாக எழுதினால் எந்தப் பெற்றோருக்கும் தன் பிள்ளை அதில் தெரியாது.

பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் அம்மாவை விட்டு நகரவே மாட்டார்கள். நிறுத்தியிருந்த விரல் சூப்பலும் படுக்கையில் சிறுநீர் போவதும் திரும்ப வரலாம். பேச்சே குறையலாம். ஆரம்பப் பள்ளி வயதில் வயிற்றுவலி, தலைவலி, கெட்ட கனவு, படிப்பில் கவனம் சிதறுவது ஆகியவை வரும். நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள்: பொம்மை வீட்டை இடித்து, பொம்மைகளைத் தேடி எடுப்பார்கள். பார்க்கும் பெரியவர்களுக்கு நெஞ்சு பதறும், ஆனாலும் தடுக்க வேண்டாம். தனக்குப் புரியாத ஒன்றைப் பிள்ளை புரிந்துகொள்ளப் பார்க்கும் வழி அது. ஆட்டத்தில் யாரும் காப்பாற்றப்படாமல், ஆடி முடித்ததும் பிள்ளை இன்னும் கலங்கிப் போகிறது என்றால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பொம்மைக்கு யார் உதவிக்கு வருவார்கள்?" என்று கேட்கலாம்.

வளரிளம் பருவத்தினரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் அழுவதில்லை, எரிந்து விழுகிறார்கள். சிலர் ஆபத்தான காரியங்களில் இறங்குவார்கள், சிலர் போதைப் பொருள் பக்கம் போவார்கள். "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்" என்ற குற்ற உணர்வு இந்த வயதில் ஆழமாக இருக்கும், அதை வீட்டில் சொல்லமாட்டார்கள். எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இவர்களுக்கு நேராக எழுதிய ஒரு பத்தியாவது இருக்கட்டும்.

படுக்கையை நனைக்கும் பிள்ளையைத் திட்டவோ கேலி செய்யவோ கூடாது என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். நெருக்கடி மிகுந்த முகாமில் இந்த ஒரு வரி பல அடிகளைத் தடுக்கும்.

5. எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

மேலே சொன்னவை ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் நீடித்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, பிள்ளை சாப்பிட, தூங்க, விளையாட, படிக்க முடியாத அளவுக்குப் போனாலோ மனநலப் பணியாளரிடம் காட்ட வேண்டும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்வதும் ஒரு மாதம் கடந்த பிறகுதான்.

தன்னை மாய்த்துக்கொள்வதாகப் பேசுவது, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது, யாரையும் அடையாளம் தெரியாதது போல நடப்பது, உணவையே அடியோடு நிறுத்துவது: இவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளை, முன்பே மனநலச் சிகிச்சையில் இருந்த பிள்ளை ஆகியோரையும் முதலிலிருந்தே கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாத்திரை தொடர்ந்து எங்கே கிடைக்கும் என்ற அறிவிப்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. வலிப்பு மருந்தும் அதில் சேரும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

6. பிள்ளைகள் எந்நேரமும் போனில் அந்த வீடியோவையே பார்க்கிறார்கள். தடுக்கச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். ஒரே காட்சி பத்து முறை வந்தால் சின்னப் பிள்ளைக்கு அது மறுஒளிபரப்பு என்று தெரியாது. பத்து முறை நடக்கிறது என்றுதான் நினைக்கும். பெரியவர்களும் தப்பவில்லை. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஓர் ஆய்வில், அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டன.

வளரிளம் பருவத்தினரிடமிருந்து போனைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். நண்பர்களோடு இருக்கும் ஒரே இணைப்பு அதுவாக இருக்கலாம். "காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள், பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்பது நடைமுறைக்கு ஒத்து வரும். உங்கள் குழுவிலும் உடல்களின் படங்களைப் பகிர வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. அப்பா இறந்ததைப் பிள்ளையிடம் சொல்லவே மாட்டோம் என்கிறார்கள் உறவினர்கள். நாங்கள் என்ன அறிவுரை எழுத?

மறைப்பது அன்பினால்தான், அதை முதலில் ஏற்றுக்கொண்டு எழுதுங்கள். ஆனால் பிள்ளைக்கு ஏதோ நடந்தது தெரியும். கிசுகிசுப்பை அது கேட்கிறது, அழுத கண்களைப் பார்க்கிறது. யாரும் சொல்லாவிட்டால் தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தக் காரணம் பெரும்பாலும் உண்மையைவிடக் கொடுமையாக இருக்கும்: "நான் அன்றைக்கு அடம் பிடித்தேன், அதனால்தான் அப்பா வரவில்லை."

பிள்ளை நம்பும் நெருங்கிய ஒருவர், அமைதியான இடத்தில், எளிய சொற்களில் சொல்ல வேண்டும். "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி அவர் திரும்பி வரமாட்டார். இது உன்னால் நடந்தது இல்லை. நான் உன்னோடு இருப்பேன்." தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். தூங்கவும் பயப்படும், யார் ஊருக்குக் கிளம்பினாலும் பயப்படும். ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் மரணம் என்றால் மீள முடியாதது என்பது பிள்ளைகளுக்கு விளங்கத் தொடங்குகிறது. அதற்கு முன் "அப்பா எப்போ வருவார்?" என்று மறுபடி மறுபடி கேட்கும். அதே பதிலை அதே பொறுமையோடு சொல்ல வேண்டியதுதான். கேட்டுவிட்டு உடனே விளையாட ஓடிவிடும். அதற்குத் துக்கமே இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

காணாமல் போனவர் விஷயம் இதைவிடக் கடினம். இறந்துவிட்டார் என்றும் சொல்லக் கூடாது, வந்துவிடுவார் என்றும் சொல்லக் கூடாது. "இன்னும் தேடுகிறார்கள். என்ன தெரிந்தாலும் உன்னிடம் சொல்வேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சொன்னபடி சொல்லவும் வேண்டும்.

8. "மறுபடியும் வருமா?" என்று பிள்ளை கேட்டால்?

வராது என்று அடித்துச் சொல்ல நம்மால் முடியாது. சின்ன அதிர்வோ சின்ன மழையோ வந்தாலே நம் வார்த்தை பொய்யாகிவிடும். "வரலாம். வந்தால் என்ன செய்வது என்று நமக்கு இப்போது தெரியும், வா, காட்டுகிறேன்" என்று வெளியே போகும் வழியையும் கூட வேண்டிய இடத்தையும் நடந்து காட்டச் சொல்லுங்கள். கேள்வி 2இல் சொன்ன "நம்மாலும் முடியும்" என்பது பிள்ளைக்கு இப்படித்தான் புரியும்.

9. எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னால் மனபாரம் குறையும் அல்லவா? அப்படி ஒரு நிகழ்ச்சியை அறிவிக்கலாமா?

வேண்டாம். நல்லெண்ணத்தோடு அடிக்கடி நடக்கும் தவறு இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட தொகுப்பு, அந்த முறை பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்றது. அதில் சேர்க்கப்பட்ட ஓர் ஆய்வில், அந்த அமர்வில் கலந்துகொண்டவர்களின் நிலை ஓராண்டுக்குப் பிறகு மோசமாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் அம்முறையைப் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: தான் பார்க்காத கொடுமையைப் பக்கத்துப் பிள்ளை வாயால் கேட்டு, அதையும் சுமந்துகொண்டு போகும்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் உளவியல் முதலுதவி. உலக சுகாதார நிறுவனம் 2011இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட கையேடு அதைப் பார், கேள், இணை என்று மூன்று சொல்லில் அடக்குகிறது. யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்ப்பது. பேச விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் சும்மா பக்கத்தில் இருப்பது. தேவையான சேவையோடும் சொந்தங்களோடும் இணைத்துவிடுவது. மனநலப் படிப்பு இல்லாதவரும் பயிற்சி எடுத்து இதைச் செய்யலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டு, படம் வரைதல், கதை நேரம் என்று அறிவியுங்கள். பேச நினைக்கும் பிள்ளை அங்கே தானாகப் பேசும்.

பிற்பாடு, நோய் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் படிப்படியாக நடந்ததைப் பேசவைப்பது வேறு. அது பலன் தரும் சிகிச்சை.

10. மனநல முகாம் என்று பலகை வைத்தோம், ஒருவர்கூட வரவில்லை. அப்பாமார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பலகைக்குக் கீழே நிற்பதை நாலு பேர் பார்ப்பார்கள் என்பதே காரணம். "பிள்ளை இரவில் தூங்குவதில்லையா? இங்கே கேளுங்கள்" என்று எழுதிப் பாருங்கள். நிவாரணப் பதிவு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த மேசையைப் போடுங்கள். தனக்காக உதவி கேட்கத் தயங்கும் தகப்பன் பிள்ளைக்காகக் கேட்பார். பேச்சு வளர்ந்தால் தன் தூக்கத்தைப் பற்றியும் சொல்வார். அவர்களை நோக்கிய செய்திகளை அவர்கள் மதிக்கும் ஒருவர் குரலில் பதிவு செய்வதும் உதவும்.

11. தனியாக நிற்கும் பிள்ளையின் படத்தைப் பரப்பினால் சொந்தக்காரர்கள் கிடைப்பார்களே?

கிடைக்கலாம். கடத்துபவரும் அதே படத்தைப் பார்ப்பார். பெயர், படம், இருக்கும் இடம் மூன்றையும் சேர்த்துப் பொதுவில் போடவே கூடாது. "பெரியவர் துணையில்லாத பிள்ளையைப் பார்த்தால் நீங்களே வேறு இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள், குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளரிடம் சொல்லுங்கள்" என்று அறிவித்து, அவர் எங்கே இருப்பார் என்றும் சொல்லுங்கள்.

அநாதை என்ற சொல்லையும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 பிள்ளைகளை அநாதைகள் என்று சொல்லி எல்லை தாண்டி அழைத்துப் போகப் பார்த்த ஒரு வெளிநாட்டுக் குழு தடுத்து நிறுத்தப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தது பிறகு தெரிந்தது. "தத்தெடுக்கலாம்" என்ற செய்திகள் குழுக்களில் சுற்றினால் உடனே மறுத்து எழுதுங்கள். முதல் வேலை குடும்பத்தைத் தேடுவதுதான். நன்கொடை கேட்க அழும் பிள்ளையின் முகத்தைப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும்.

12. வதந்தி பரவுகிறது. அதை மறுத்தால் இன்னும் பரவும் என்கிறார்களே?

வதந்தியைத் தலைப்பாகப் போட்டால் பரவும். உண்மையை முதலில் சொல்லுங்கள், வதந்தியை ஒரே வரியில் குறிப்பிடுங்கள், மறுபடி உண்மையோடு முடியுங்கள்.

ஓர் உதாரணம்: இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பயம் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறது. அவர்கள் நோயால் இறந்தவர்கள் அல்ல. காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தவர்கள். அதனால் கொள்ளைநோய் வராது என்று உலக சுகாதார நிறுவனம் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்தப் பயத்தில் அடையாளம் காணாமலே மொத்தமாகப் புதைத்துவிட்டால், குடும்பங்களுக்கு இறுதிச் சடங்கும் இல்லை, உறுதியான பதிலும் இல்லை. கேள்வி 7இல் சொன்ன காணாமல் போனவர் நிலை அப்போது ஆயுளுக்கும் தொடரும்.

13. நாங்களே தப்பான தகவலை அறிவித்துவிட்டால்?

அதே ஒலிபெருக்கியில், அதே குழுவில், தெரிந்த நிமிடமே திருத்துங்கள். "மதியம் சொன்ன பட்டியலில் பிழை இருந்தது. சரியான பட்டியல் இது. அலைய வைத்ததற்கு வருந்துகிறோம்." பழைய செய்தியைச் சத்தமில்லாமல் அழித்தால் நம்பிக்கை போய்விடும். பெயர்ப் பட்டியலில் பிழை என்றால் அந்தக் குடும்பத்திடம் முதலில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அப்புறம் பொதுவில் அறிவியுங்கள்.

14. தற்கொலை பற்றி அறிவிப்பில் பேசினால் அதுவே எண்ணத்தைத் தூண்டிவிடாதா?

ஒருவரிடம் நேரில், அக்கறையோடு, "வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா?" என்று கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. பலருக்கு அது சொல்ல ஒரு வாய்ப்பு. பொது அறிவிப்பில் மட்டும் கவனம் தேவை. நடந்த மரணம் எதையும் விவரிக்காதீர்கள், வழிமுறையையும் இடத்தையும் சொல்லாதீர்கள், ஒரே காரணத்தால் நடந்தது என்று எழுதாதீர்கள். எந்த நேரத்தில் யாரை அழைக்கலாம் என்ற தகவல் இருக்கட்டும். அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பார்த்து, யாரோ எடுக்கிறார்கள் என்று உறுதி செய்த பிறகு போடுங்கள்.

15. காது கேளாத பிள்ளை, வேறு மொழி பேசும் குடும்பம் இவர்களுக்கு?

ஒலிபெருக்கியில் சொன்னதைப் படத்தோடு எழுதியும் ஒட்டுங்கள். வேறு மொழிக் குடும்பங்களுக்கு அவர்களில் ஒரு பெரியவரையே குரல் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்க வேண்டாம். பெற்றோரின் கெட்ட செய்தியைப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேரும்.

16. முகாமை மூடிவிட்டார்கள், பள்ளியும் திறந்தாகிவிட்டது. இனி அறிவிக்க என்ன இருக்கிறது?

வெளியாட்கள் கிளம்பிய பிறகுதான் பல வீடுகளில் களைப்பும் கடனும் சண்டையும் வெளியே தெரியும். பள்ளியின் முதல் வாரத்துக்காக ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: பாடத்தை விரட்ட வேண்டாம், மணி அடிப்பது முதல் வீடு திரும்புவது வரை அன்றாட ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், வராத பிள்ளையை விசாரியுங்கள். அந்த ஆசிரியரும் வீட்டை இழந்தவராக இருக்கலாம். அவருக்கும் கேள்வி 3இல் உள்ள மூன்று வாக்கியங்கள் பொருந்தும்.

கேள்வி 5இல் உள்ள அறிகுறிகளை இரண்டாம் மாதத்தில் மறுபடி வெளியிடுங்கள். முதல் வாரத்தில் படித்ததை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஓராண்டு நிறைவுக்கு முன்னதாகவும் ஒரு குறிப்பு தேவை. அந்த நாள் நெருங்கும்போது, அல்லது அதே மாதிரி மழையோ சைரன் ஒலியோ கேட்கும்போது, தேறியிருந்த பிள்ளைக்கும் பழைய பயம் திரும்பலாம், சில நாளில் தணியும் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். நினைவு நாள் நிகழ்ச்சி நடத்தினால், வர விரும்பாத குடும்பங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பழைய காட்சிகளைத் திரையில் ஓடவிடவும் வேண்டாம்.